பானைக்குள் போடப்பட்ட பிள்ளைகள்



இந்த மாதம் மேரி ஸ்லெசர் அம்மையாரைக் குறித்து உங்களோடு பேச வாஞ்சிக்கிறேன். அவர்களுக்குக் கலியாணம் ஆகவில்லை, வயிற்றில் பிறந்த பிள்ளையும் இல்லை. ஆனாலும் எத்தனையோ பச்சைக் குழந்தைகளுக்குத் தாயாயிருந்தார்கள்.

1848ம் வருஷம் ஸ்காட்லாந்து தேசத்தில் அபர்டீன் பட்டணத்தில் பிறந்தார்கள். தகப்பனார் செருப்புத் தைக்கிறவர், குடிக்கு அடிமை. வறுமையினால் குடும்பம் டண்டீ பட்டணத்துக்குப் போயிற்று. 11 வயசிலேயே மேரி சணல் மில்லுக்கு வேலைக்குப் போனார்கள். பாதி நாள் மில், பாதி நாள் பள்ளிக்கூடம். தாயாரோ பக்தியுள்ளவர்கள், பெற்ற ஏழு பிள்ளைகளில் பலரைச் சிறு வயசிலேயே இழந்தவர்கள். பிள்ளை செத்த வீட்டின் துக்கம் மேரிக்கு நன்றாய்த் தெரியும்.

1876ல் கப்பலேறி, இன்று நைஜீரியா என்கிற தேசத்திலுள்ள கலபாருக்கு மிஷனெரியாய் வந்தார்கள். அங்கே என்ன வழக்கம் தெரியுமா? இரட்டைப் பிள்ளை பிறந்தால் ஒன்றுக்குப் பிசாசுதான் தகப்பன் என்று ஜனங்கள் நம்பினார்கள். எந்தப் பிள்ளை என்று தெரியாதே! ஆகவே இரண்டையும் பானைக்குள் திணித்துக் காட்டில் போட்டுவிடுவார்கள். பெற்றவளையும் துரத்திவிடுவார்கள். பிரசவத்தில் தாய் செத்துப்போனால் அந்தப் பிள்ளைக்கும் கதி இல்லை.

மேரி அம்மா அழுது ஜெபித்தார்கள். ஜெபித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்களா? இல்லை, எழுந்து ஓடினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆனால் பாருங்க, தூக்கி வருவதோடு வேலை முடியவில்லை. இரட்டைப் பிள்ளைகள் அநேகமாய் மாதம் முந்தி, எடை குறைந்து பிறக்கும். உடம்பில் சூடு நிற்காது, பால் குடிக்கப் பலம் இருக்காது. அந்தப் பிஞ்சுகளைக் கதகதப்பாய்ச் சுற்றி வைத்துப் பால் புகட்டினார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி, ராத்திரி அழும்போது படுத்தபடியே கயிற்றை இழுத்து ஆட்டினார்கள். இத்தனை பாடுபட்டும் பல பிள்ளைகள் பிழைக்கவில்லை. அவர்களை அடக்கம்பண்ணிவிட்டு, அடுத்த பிள்ளைக்காக எழுந்தார்கள். பிழைத்த ஒரு பெண்பிள்ளைக்கு ஜேனி என்று பேரிட்டு மகளாகவே வளர்த்தார்கள்.

1888ல் மற்றவர்கள் போகப் பயந்த ஒக்கோயோங் பகுதிக்குப் போனார்கள். 1892ல் அரசாங்கம் அவர்களை அங்கே நியாயம் விசாரிக்கிற அதிகாரியாக்கிற்று. பெரியம்மை பரவினபோது தன் கையாலேயே ஜனங்களுக்கு அம்மை குத்தினார்கள். அடிக்கடி காய்ச்சலில் விழுந்தும் ஊழியத்தை விடவில்லை. 1915 ஜனவரி 13ல், 66ம் வயசில், அந்த மண்ணிலேயே கண்ணை மூடினார்கள்.

பிரியமானவர்களே, அவர்களுடைய விசுவாசமும் கையும் சேர்ந்தே வேலை செய்தன. இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நம்ம வீடுகளில் பிள்ளையைப் பானையில் போடுகிறதில்லை. ஆனாலும் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றுகிற வீடு உண்டு, பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிற வீடு உண்டு. அப்படிச் செய்யாதீங்க. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். எடை குறைந்த பிள்ளையைத் தாயின் மார்போடு மார்பாய் அணைத்து வைத்தால் சூடு காக்கப்படும். பிள்ளை பால் குடிக்காமல் போனாலோ, உடம்பு சில்லிட்டாலோ, மூச்சு வேகமாய் வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராதீங்க. ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தடுப்பூசி போட்டால் விசுவாசக் குறைவு ஆகிவிடுமோ என்று சில தாய்மார் தயங்குகிறார்கள். அம்மை குத்தின மேரி அம்மாவுக்கா விசுவாசம் குறைவு? குழந்தை மோசேயைக் காப்பாற்றத் தேவன் ஒரு நாணற்பெட்டியையும், தூரத்தில் நின்று பார்த்திருந்த அக்காளையும் உபயோகித்தாரே! இன்றைக்கு உங்கள் கைகளையும் அவர் உபயோகிப்பாராக. ஆமென்.