எண்ணெய்க் கிணற்றில் ஒட்டிய பிசுக்கு, வாஸ்லின் ஆனது எப்படி? யார் இந்த ராபர்ட் சீஸ்ப்ரோ?

குதிகால் வெடிச்சாலும் சரி, உதடு காய்ஞ்சாலும் சரி, பல வீடுகளில் கை முதலில் தேடுவது வாஸ்லின் டப்பாவைத்தான். அந்த டப்பாவின் கதை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டைட்டஸ்வில் என்ற எண்ணெய்க் கிணற்று ஊரில் தொடங்குகிறது.

பிழைப்பில் விழுந்த அடி

ராபர்ட் அகஸ்டஸ் சீஸ்ப்ரோ 1837இல் பிறந்தவர். வேதியியல் தெரிந்தவர். திமிங்கல எண்ணெயைக் காய்ச்சி வடித்து, விளக்கு எரிக்கும் எண்ணெய் தயாரிப்பதுதான் அவர் தொழில். 1859 ஆகஸ்டில் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் பெட்ரோலியம் கிடைத்தது. மலிவான எண்ணெய் வந்துட்டா திமிங்கல எண்ணெயை யார் வாங்குவாங்க? அப்போது 22 வயதுதான் சீஸ்ப்ரோவுக்கு. புது எண்ணெயில் தனக்கு ஏதாவது வழி இருக்குமா என்று பார்க்க நேராக அந்த ஊருக்கே கிளம்பிவிட்டார்.

தொழிலாளர்கள் கண்ட மருந்து

அங்கே பம்ப் கம்பிகளில் மெழுகு மாதிரி ஒரு கறுப்புப் பிசுக்கு ஒட்டிக்கொண்டே இருந்தது. அது சேர்ந்தால் பம்ப் நின்றுபோகும். நாள் முழுக்க அதைச் சுரண்டி எடுப்பதே தொழிலாளர்களுக்குப் பெரிய தலைவலி. ஆனா, கையில் வெட்டுப்பட்டாலோ, தீக்காயம் பட்டாலோ, அதே பிசுக்கைத்தான் எடுத்துத் தடவிக்கொண்டார்கள். காயம் சீக்கிரம் ஆறுவதாக நம்பினார்கள்.

சீஸ்ப்ரோவின் கண்ணில் பட்டது இதுதான். உண்மையைச் சொன்னா, மருந்தைக் கண்டுபிடிச்சது அந்தத் தொழிலாளர்கள். ஆனால் அவர்களில் ஒருவர் பெயர்கூட இந்தக் கதையில் வருவதில்லை.

அதற்காக சீஸ்ப்ரோ சும்மா இருந்து பணம் பார்த்தார் என்றும் சொல்ல முடியாது. பிசுக்கை அள்ளிக்கொண்டு ஊர் திரும்பியவர், அதைச் சுத்தம் செய்யப் பல வருடங்கள் போராடினார். காய்ச்சி வடித்து, எலும்புக்கரி வழியாக வடிகட்டி, மணமில்லாத வெளிர் நிறக் களிம்பாக மாற்றினார். 1870இல் புரூக்ளினில் தொழிற்சாலை. 1872இல் காப்புரிமை. தோலைப் பதப்படுத்துவது முதல் வெடித்த கைகளுக்குப் பூசுவது வரை பல பயன்களை அந்தக் காப்புரிமையிலேயே எழுதிவைத்தார்.

தன் கையையே சுட்டுக்கொண்டவர்

யாரும் வாங்கலை. குதிரை வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போய் இலவசமாகக் கொடுத்தார். கூட்டத்தின் முன்னால் தன் தோலை ஆசிடாலோ நெருப்பாலோ புண்ணாக்கி, களிம்பைத் தடவி, ஏற்கெனவே ஆறிய தழும்புகளையும் காட்டுவார் என்று சொல்லப்படுகிறது. விளம்பரத்துக்காக இந்த அளவுக்கா என்று கேட்கத் தோணும். ஆனால் அந்த வழி பலித்தது, விற்பனை ஏறியது.

உண்மையில் இது காயத்தை ஆற்றுமா?

வாஸ்லினில் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. அது தோலின் மேல் ஒரு படலமாகப் படிந்து, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகாமல் தடுக்கிறது. காயாமல் இருக்கும் தோல் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. சிமென்ட், சுண்ணாம்பு, சோப்புத் தண்ணீர் என்று நாளெல்லாம் புழங்கிக் கை வறண்டு வெடிக்கிறவர்களுக்கு இது உதவுவது இப்படித்தான். வேலை முடிந்து கையைக் கழுவி, லேசான ஈரம் இருக்கும்போதே தடவிக்கொண்டு படுத்தால் பலன் அதிகம். வேலைக்கு நடுவே தடவினால் கருவி வழுக்கும், ஜாக்கிரதை.

ஒரு விஷயத்தில் மட்டும் டைட்டஸ்வில் வழக்கத்தைப் பின்பற்றவே கூடாது. புதுத் தீக்காயத்தில் உடனே களிம்பு பூசினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். கொப்புளம் பெரிதாக இருந்தால் டாக்டரிடம் போயாகணும்.

சீஸ்ப்ரோவுக்குத் தன் களிம்பின் மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சம் ஓவர்தான். தினமும் ஒரு ஸ்பூன் வாஸ்லினைச் சாப்பிடுவாராம்! இதையெல்லாம் யாரும் முயற்சி பண்ண வேண்டாம். அவர் 1933இல், 96 வயதில் நியூஜெர்சியில் காலமானார்.