திட்டத்தை அச்சிட்டு விற்ற பொறியாளர்

நம் பாலாறு பிறப்பது மைசூர்ச் சீமையில், நந்தி மலைப் பகுதியில். அந்த நந்தி மலையின் அடிவாரத்திலுள்ள முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தவர் சர். எம். விசுவேசுவரய்யா. அணைக்கட்டு என்றே பெயர் கொண்ட ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் எனக்கு, அணை கட்டிய ஒரு பெருமகனாரின் வரலாற்றை எழுத ஆசை வந்ததில் வியப்பில்லை.

இளமையிலேயே தந்தையை இழந்த அவர், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்தபோது பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தம் செலவைச் சமாளித்தார். 1881ல் பி.ஏ. தேறி, பூனாவில் பொறியியல் கற்று, 1884ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். கடக்வாஸ்லா அணைக்குத் தானியங்கி மதகுகள் அமைத்ததும், 1908ல் மூசி ஆற்று வெள்ளம் சூறையாடிய ஐதராபாத் நகருக்குக் காப்புத் திட்டம் வகுத்ததும் பலரும் அறிந்த செய்திகள்.

1909ல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளரானார். காவிரியின் குறுக்கே கண்ணம்பாடியில் 124 அடி உயர அணை ஒன்றைக் கட்ட வேண்டும் என்பது அவரது திட்டம். ஆனால் 1892ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, காவிரி, பாலாறு முதலிய ஆறுகளில் மைசூர் புதிதாக அணை கட்டச் சென்னை அரசின் இசைவு தேவை. சென்னை இசைந்ததோ சுமார் 11 டி.எம்.சி. கொள்ளும் சிறிய அணைக்குத்தான். 1911ல் வேலை தொடங்கியது. அடித்தளம் மட்டும் முழு உயர அணைக்கு ஏற்ற அகலத்தில் போடப்பட்டது!

பிறகு அணையை உயர்த்த நேர்ந்தால் அடித்தளத்தை அகலமாக்க இயலாது என்பது பொறியாளரின் நியாயம். ஒப்புக்கொண்ட திட்டம் ஒன்று, மண்ணுக்குள் இறங்கும் திட்டம் வேறொன்று என்று தஞ்சை உழவன் அஞ்சியதும் நியாயமே. கீழ்க்கரையில் பிறந்த நான் இதில் நடுநிலை பேசுவதாகப் பாசாங்கு செய்ய விரும்பவில்லை. வழக்கு நடுவர் கிரிபினிடம் போயிற்று. 1914ல் வந்த தீர்ப்பைச் சென்னை ஏற்கவில்லை. 1924ல்தான் இரு அரசுகளும் உடன்படிக்கை கண்டன. மேட்டூர் அணைக்கும் அதுவே வழி திறந்தது.

இதற்கிடையே 1912 முதல் 1918 வரை அவர் திவானாக இருந்தார். 1916ல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது அக்காலத்தில்தான்.

எழுபது வயதைக் கடந்த பின் அவர் செய்த காரியமே என்னை மிகவும் கவர்ந்தது. இந்தியா முழுமைக்கும் ஒரு பத்தாண்டுப் பொருளாதாரத் திட்டத்தைத் தீட்டி, 1934ல் ஆங்கிலத்தில் நூலாகவே வெளியிட்டார். மேட்டூர் அணை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். பத்தாண்டில் நாட்டு வருமானத்தை இரட்டிப்பாக்குவது அத்திட்டத்தின் நோக்கம். அன்று அவரிடம் பதவி இல்லை. நாட்டுக்கோ விடுதலை இல்லை. நிறைவேற்ற அதிகாரமில்லாதவர் திட்டத்தை அச்சிட்டு என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். ஆனால் கோப்பில் கிடக்கும் திட்டத்தை அதிகாரிதான் பார்ப்பார்; கடையில் விற்கும் திட்டத்தை எவரும் வாங்கிப் படித்துத் தவறு சொல்லலாம். இன்று திட்டப் பணிகளுக்கான கணினி மென்பொருள்களிலும் இதே கதைதான். மேலாளர் திட்டத்தைச் சேமித்து வைத்தால் மட்டும் போதாது; வெளியிட்டால்தான் வேலை செய்வோருக்கு அவரவர் பங்கும் கெடுவும் தெரியவரும்.

1938ல் காங்கிரஸ் தேசியத் திட்டக் குழுவை அமைத்தபோது விசுவேசுவரய்யாவும் அதில் இடம் பெற்றார். தலைமையை நேரு ஏற்பதே நல்லதென்று வழிவிட்டார். முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1951ல் தொடங்கியதைக் கண்ணாரக் கண்டார். 1955ல் பாரத ரத்னா விருது அவரைத் தேடி வந்தது. நூறு வயதைக் கடந்து, 1962 ஏப்ரலில் பெங்களூரில் மறைந்தார். அவரது நினைவிடம் முத்தேனஹள்ளியில், நந்தி மலை பார்க்க இருக்கிறது.