காற்றைக் கொண்டு வண்டியை நிறுத்தியவர்

நம் திருப்பூர் நகரின் அவிநாசி சாலையிலும் பல்லடம் சாலையிலும் இரவு பகல் பாராமல் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பஞ்சுப் பொதிகளும் நூல் மூட்டைகளும் ஊருக்குள் வருகின்றன. பனியன் கம்பெனிகளில் தைத்து, மடித்து, அட்டைப் பெட்டிகளில் அடுக்கிய ஆடைகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்படுகின்றன. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தும்போது புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு கேட்கும். வேலை முடிந்து வெளியேறும் காற்றின் ஓசை அது. இருபது முப்பது டன் பாரத்தை மலைச் சரிவிலும் நிறுத்தி வைக்கக் காற்றுக்குக் கற்றுக்கொடுத்த மேதை ஒருவர் உண்டு. அவர்தாம் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்.

அவர் 1846ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் சென்ட்ரல் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். 1856இல் குடும்பம் ஸ்கெனெக்டடி நகருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவனுக்குப் பள்ளிப் பாடத்தில் மனம் செல்லவில்லை. பட்டறையின் கடைசல் எந்திரத்தருகேதான் பொழுது போயிற்று. உள்நாட்டுப் போர் மூண்டபோது, பதினாறே வயதில், 1863இல் படையில் சேர்ந்தார். பிறகு கப்பற்படையில் எஞ்சின் பிரிவில் பணியாற்றினார். அண்ணன் ஆல்பர்ட் அந்தப் போரில் உயிர் துறந்தார். போர் முடிந்து வந்தவர் யூனியன் கல்லூரியில் சேர்ந்து, ஒரு பருவம் மட்டும் படித்துவிட்டு விலகிவிட்டார். அதே 1865இல், பத்தொன்பதாம் வயதில், ஒரு சுழல் நீராவி எஞ்சினுக்கு முதல் காப்புரிமை பெற்றார். (படிப்பை விட்டால் மேதையாகலாம் என்று எங்கள் வகுப்பில் யாரும் இதை ஆதாரம் காட்ட வேண்டாம்! அவர் கல்லூரியை விட்டாரே தவிர, கற்பதை விடவில்லை.)

1866ஆம் ஆண்டு அவர் சென்ற ரயில் வழியில் நின்றுவிட்டது. முன்னே இரண்டு சரக்கு ரயில்கள் மோதிக் கிடந்தன. நேரான பாதை, சமதரை, பட்டப்பகல். இரு எஞ்சின் டிரைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டார்கள். பார்த்தும் நிறுத்த முடியவில்லை என்பதுதான் இளைஞர் வெஸ்டிங்ஹவுஸின் நெஞ்சை உறுத்தியது.

அந்நாளில் ரயிலை நிறுத்துவது எப்படி என்று தெரிந்தால் நமக்கே நடுக்கம் எடுக்கும். டிரைவர் ஊதல் கொடுப்பார். உடனே பிரேக்மேன் எனப்படும் தொழிலாளிகள் பெட்டிகளின் கூரைமேல் ஏறி, ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள கைச்சக்கரத்தைச் சுற்றி இறுக்கிவிட்டு, அடுத்த பெட்டிக்குத் தாவ வேண்டும். ஓடும் வண்டி, மழை, பனி உறைந்த கூரை, கும்மிருட்டு எதுவும் இதற்கு விலக்கில்லை. தவறி விழுந்து செத்தவர்கள் ஏராளம். கை கால் இழந்தவர்கள் அதனினும் அதிகம்.

எல்லாப் பெட்டிகளின் பிரேக்கையும் டிரைவர் ஒருவரே ஒரே சமயத்தில் இயக்க வழியுண்டா என்று அவர் சிந்தித்தார். சங்கிலியால் இழுக்கலாமா என்று பார்த்தார். நீராவியை எண்ணினார், அதுவோ குழாயிலேயே குளிர்ந்து நீராகிவிடும். இந்த நிலையில் பத்திரிகைச் சந்தா சேர்க்க வந்த ஓர் இளம்பெண்ணுக்காக இரக்கப்பட்டு இவர் சந்தா கட்டினாராம். வந்த இதழில், ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடுகிறவர்கள், அழுத்திய காற்றை ஆயிரக்கணக்கான அடி நீளக் குழாயில் செலுத்திப் பாறை துளைக்கிறார்கள் என்ற கட்டுரை இருந்தது. நீராவி குளிர்ந்து நீராகிவிடும், காற்று அப்படி ஆகாதல்லவா? விடை கிடைத்துவிட்டது! சந்தா கேட்டு வரும் பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பிட்ஸ்பர்க் நகரில் முதல் சோதனை நடந்தது. பெரிய மனிதர்கள் ஏறியிருந்த அந்த ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும், தண்டவாளத்தின் குறுக்கே ஒரு குதிரை வண்டி நிற்பதை டிரைவர் கண்டார். பிடியைத் திருப்பினார். ரயில் வண்டிக்காரருக்குச் சில அடி தூரத்தில் நின்றது. உள்ளே இருந்த பெரிய மனிதர்கள் இருக்கையிலிருந்து உருண்டு விழுந்தார்கள். ஆனால் ஓர் உயிர் பிழைத்தது. 1869இல் காப்புரிமையும் கிடைத்து, வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனியும் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்திரண்டு.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாங்கள் இவரைப் பற்றி எழுதியிருக்க மாட்டோம். முதலில் செய்த பிரேக்கில் ஒரு பெருங்குறை இருந்தது. எஞ்சினிலிருந்து காற்று குழாய் வழியே போனால்தான் பிரேக் பிடிக்கும். நடுவில் ரப்பர் குழாய் அறுந்தால், அல்லது பெட்டிகள் கழன்று போனால், காற்று வெளியேறிவிடும், பிரேக்கே இராது. ஆபத்து வரும் வேளையில் கைவிடும் பிரேக் எதற்கு?

1872இல் அவர் இதைத் தலைகீழாகத் திருப்பினார். ஸ்பிரிங் வைத்த கதவை நாம் தள்ளிப் பிடித்திருக்கும் வரைதான் அது திறந்திருக்கும். கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் அல்லவா? அதுபோல, குழாயில் எப்போதும் காற்று நிறைந்திருக்கும் வரை பிரேக் விலகியிருக்கும். குழாயில் காற்று குறைந்தால் பிரேக் பிடிக்கும். இதற்காக ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறு காற்றுத் தொட்டியும், டிரிபிள் வால்வு என்னும் கருவியும் பொருத்தினார். தொட்டியை நிரப்புவது, பிரேக்கைப் பிடிப்பது, பிரேக்கை விடுவது என்று அந்த வால்வுக்கு மூன்று வேலைகள். குழாய் அறுந்தாலும், ரயில் இரண்டாகப் பிரிந்தாலும், யாரும் தொடாமலே இரு பகுதிகளும் நின்றுவிடும். பழுதே வண்டியை நிறுத்தும்படி செய்ததுதான் இவருடைய மேதைமை.

இன்றைய கனரக லாரியிலும் இதே கருத்து வாழ்கிறது. காலால் மிதிக்கும் பிரேக்கைக் காற்றுதான் அழுத்துகிறது என்றாலும், கைப்பிரேக்கின் பெரிய ஸ்பிரிங்கைக் காற்றுதான் அடக்கி வைத்திருக்கிறது. காற்று மிகவும் இறங்கிவிட்டால் ஸ்பிரிங் விடுபட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இதை நேரில் காணும் வாய்ப்பு எங்களில் நால்வருக்குக் கிடைத்தது. எங்கள் தோழி ஒருத்தியின் அப்பா லாரி ஓட்டுகிறார். அவர் வண்டியின் முகப்பில் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்ததால், தாராபுரம் சாலைப் பக்கம் உள்ள ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்றார். நாங்களும் உடன் சென்றோம். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி, காற்றை நொடிக்குப் பலமுறை விட்டும் பிடித்தும் கொடுப்பது ஏபிஎஸ் வால்வின் வேலை. அதை இயக்குவது ஒரு சிறிய கம்ப்யூட்டர் பெட்டி. நம் நாட்டில் 2015 முதல் புதிய கனரக லாரிகளுக்கு இது கட்டாயமாயிற்று.

அங்கிருந்த வயதான மெக்கானிக், எங்களைக் கண்ணு கண்ணு என்று அழைத்தே எல்லாவற்றையும் விளக்கினார். எடுத்தவுடன் அவர் வால்வைக் கழற்றவில்லை. ஒயர் அறுந்தாலும் அதே விளக்குத்தான் எரியுமாம். நல்ல வால்வைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது வால்வுக்குப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டாம். மீட்டர் வைத்து ஒயரைச் சோதித்தார், அது சரியாக இருந்தது. பிறகு வால்வின் காயிலைச் சோதித்தார். உள்ளே கம்பி அறுந்திருந்தது. இணைப்பில் தண்ணீர் புகுந்து பச்சையாகக் களிம்பேறியிருந்தது. பிறகே வேலை தொடங்கியது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். காற்றுத் தொட்டிகளைத் திறந்துவிட்டபோது காற்றோடு எண்ணெய் கலந்த பழுப்புத் தண்ணீரும் கொட்டியது. எது எந்தக் குழாய் என்று சாக்பீஸால் குறியிட்ட பின்னரே பழைய வால்வை எடுத்தார்கள். புதியதன் எண் பழையதன் எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று இருமுறை பார்த்துப் பொருத்தினார்கள். எஞ்சினை ஓடவிட்டுக் காற்று நிரப்பி, இணைப்புகள்மேல் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். வரவில்லை. வண்டி மெதுவாகச் சிறிது தூரம் நகர்ந்ததும் விளக்கு அணைந்தது. வேலை முடிந்தது என்று நாங்கள் எண்ணினோம்; அவரோ காற்றை உலர்த்தும் டிரையரின் உறையையும் மாற்றச் சொன்னார். அதை மாற்றாவிட்டால் அதே ஈரம் புது வால்வையும் கொன்றுவிடுமாம்.

அந்த வால்வு பழுதாகியிருந்த நாள்களில் எங்கள் தோழியின் அப்பா எப்படி ஓட்டினார் என்று கேட்டோம். வழுக்கலைத் தடுக்கும் உதவி இல்லையே தவிர, சாதாரண பிரேக் இருந்ததாம். மின்சாரம் வராதபோது அந்த வால்வில் காற்றின் வழி திறந்தே இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். பிரேக் கட்டளையையே மின்சாரத்தால் அனுப்பும் மேலும் புதிய லாரிகளிலும், மின்சாரம் தவறினால் காற்றே வேலை செய்யும்படி மாற்றுவழி வைக்கிறார்கள்.

வியப்பு என்னவென்றால், மின்சாரமா காற்றா என்ற இந்த வழக்கு வெஸ்டிங்ஹவுஸ் காலத்திலேயே எழுந்துவிட்டது! 1886லும் 1887லும் ஐயோவா மாநிலத்தின் பர்லிங்டனில் ஐம்பது பெட்டி கொண்ட சரக்கு ரயில்களில் பிரேக் போட்டி நடந்தது. வெஸ்டிங்ஹவுஸின் வால்வு அங்கே தடுமாறியது. முன்பெட்டிகள் நின்ற பிறகும் பின்பெட்டிகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அவை ஓடிவந்து முட்டின. கடைசிப் பெட்டியில் இருந்தவர்கள் தூக்கி எறியப்பட்டார்கள். மின்சாரத்தால் வால்வைத் திறந்தபோது எல்லாப் பெட்டிகளிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிரேக் பிடித்தது. ஆனால் மழையிலும் கரித்தூளிலும் அடிபடும் சரக்குப் பெட்டிகளில் அக்காலத்து ஒயரையும் பேட்டரியையும் நம்புவது எப்படி? வெஸ்டிங்ஹவுஸ் தம் பதினைந்து ஆண்டு வால்வை எடுத்து வைத்துக்கொண்டு சில மாதங்கள் உழைத்தார். ஒவ்வொரு வால்வும் தன்னிடத்திலேயே குழாய்க் காற்றைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அடுத்த வால்வை எழுப்பும்படி மாற்றியமைத்தார். செய்தி ரயில் முழுவதும் கண்ணிமைப்பில் பரவியது. அதே 1887இன் பிற்பகுதியில் ஐம்பது பெட்டி ரயில் ஒன்றை ஊர் ஊராக அனுப்பி, எல்லோரும் காண நிறுத்திக் காட்டினார். ஊரறியத் தோற்ற இடத்தில், ஊரறியவே தம் பொருளைத் தாமே மாற்றிய இந்தப் பகுதிதான் அவர் வாழ்வில் எங்களுக்கு மிகவும் பிடித்தது.

அப்படியும் ரயில் கம்பெனிகள் செலவுக்கு அஞ்சித் தயங்கின. லாரென்சோ காஃபின் என்னும் விவசாயி பிரேக்மேன்களுக்காகப் பல ஆண்டுகள் ஓயாமல் போராடினார். 1893இல்தான் அமெரிக்காவில் இத்தகைய பிரேக்கைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. ஒரு நல்ல வால்வு பிறந்த பிறகும் தொழிலாளர்கள் இத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததே!

மின்சாரத் துறையில் இவர் செய்தவை தனிக் கட்டுரைக்கு உரியவை. 1886இல் மின்சாரக் கம்பெனி தொடங்கினார். 1888இல் டெஸ்லாவின் காப்புரிமைகளை வாங்கினார். எடிசனின் எதிர்ப்பையும் மீறி மாறுதிசை மின்னோட்டத்தை நிலைநாட்டினார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சி அதனால் ஒளிர்ந்தது. 1896இல் நயாகராவின் மின்சாரம் பஃபலோ நகரை எட்டியது. 1932இல் பைக்காராவில் தொடங்கி நம் கொங்கு நாட்டு ஆலைகளுக்கு வந்ததும், இன்று நம் பின்னல் எந்திரங்களைச் சுழற்றுவதும் அந்த மாறுதிசை மின்னோட்டமே.

சனிக்கிழமை நம் ஊரில் சம்பள நாள். அன்று பெற்றோர் எந்நேரம் வீடு திரும்புவார்கள் என்பது நமக்குத் தெரியும். வெஸ்டிங்ஹவுஸ் 1871லேயே தம் தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை அளித்தார். 1907இன் பணமுடையில் தம் பெயர் தாங்கிய மின்சாரக் கம்பெனியின் அதிகாரம் அவர் கையைவிட்டுப் போயிற்று. பிரேக் கம்பெனி அவரோடு நின்றது. அதன் ஆங்கில முதலெழுத்துகளே பிற்காலத்தில் வாப்கோ என்ற பெயராயிற்று. சென்னை பாடியில் 1962இல் லாரி, பஸ்களுக்கு ஏர் பிரேக் செய்யத் தொடங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் தொழில் பின்னாளில் அந்த வாப்கோவோடு இணைந்தது. வாப்கோ 2020இல் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தோடு சேர்ந்தது.

முதுமையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. மோட்டார் கார் குலுங்காமல் ஓடக் காற்றாலான ஸ்பிரிங் செய்ய முயன்றார். இதயம் தளர்ந்து நடக்க முடியாமற்போனபோது, மின்சாரத்தால் ஓடும் சக்கர நாற்காலி ஒன்றுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். 1914ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார். போரில் பணிபுரிந்தவர் என்பதால் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ரயில் பயணத்தில் அறிமுகமாகி, 1867 முதல் அவருடன் வாழ்ந்த மனைவி மார்கரீட் அம்மையார், மூன்றே மாதங்களில் அவரைப் பின்தொடர்ந்தார்.