நீரை ஏவல் கொண்ட பேரறிஞர் அல் ஜஸரீ

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமியில் தண்ணீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஐப்பசி மழை பொய்த்தால் கண்மாய் வறளும். பள்ளிவாசல் ஹவுளிலும் நீர் இறங்கும். இரு கை கொள்ளும் ஒரு ‘முத்து’ அளவு நீரிலேயே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உளூச் செய்ததன் சிறப்பை இம்மண்ணின் மக்கள் நன்கு உணர்வர். நீரை அளந்து விடுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட அல் ஜஸரீயின் வரலாறு அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

பதீஉஸ் ஸமான் அபுல் இஸ் இஸ்மாயீல் இப்னுர் ரஸ்ஸாஸ் அல் ஜஸரீ என்பது அவரது முழுப்பெயர். இன்றைய துருக்கியின் தென்கிழக்கே, டைக்ரீஸ் நதிக்கரையில், கருங்கல் மதில் சூழ்ந்த தியார்பக்கிர் நகரில், அர்த்துக்கிய மன்னர்களிடம் அவர் ஏறத்தாழ 25 ஆண்டுகள் பணிபுரிந்தார். தந்தை, தமையன், தம்பி என மூவர் அடுத்தடுத்து ஆண்டனர். பொறிவல்லார் மட்டும் மாறவில்லை.

தொட்டியில் நீர் குறையக் குறைய அது வெளியேறும் வேகமும் குறையும். அதனால் நீர்க்கடிகாரம் பொய்யுரைக்கும். இதற்கு அவர் கையாண்ட வழி எளியது. சிறு அறையொன்றில் மிதவையை வைத்தார். நீர் உயர்ந்தால் மிதவை எழுந்து வழியை அடைக்கும்; தாழ்ந்தால் இறங்கித் திறக்கும். மனிதக் கை படாமலே மட்டம் நிலைத்து நிற்கும். பழைய மோட்டார் சைக்கிள்களின் கார்புரேட்டரில் பெட்ரோலின் மட்டத்தைக் காத்ததும் இதே மிதவைத் தத்துவமன்றோ! பொறி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் இக்கலையே இன்று கட்டுப்பாட்டுப் பொறியியல் எனப் பெரும் துறையாக விரிந்துள்ளது.

அவருடைய யானைக் கடிகாரத்தில் நமக்கும் பங்குண்டு. யானையின் வயிற்றுக்குள் நீரில் மிதக்கும் துளையிட்ட கிண்ணம், நம் முன்னோரின் நாழிகை வட்டிலைப் போன்றதே. அரைமணிக்கொரு முறை அது அமிழும்போது ஒரு குண்டு உருண்டு பாம்பின் வாயில் விழும். பாரத்தால் பாம்பு தாழ்ந்து கிண்ணத்தை மீண்டும் தூக்கி நிறுத்தும். யானை இந்தியாவைக் குறிப்பதாகக் கூறுவர்.

பணியாளரோ அடிமைப் பெண்ணோ தம் கையில் நீர் வார்ப்பதை விரும்பாத மன்னர் நாசிருத்தீன் மஹ்மூத், உளூவுக்கு ஒரு கருவி கேட்டார். தானே நீர் வார்க்கும் பணியாள் பதுமையை ஜஸரீ செய்தளித்தார். உருவங்கள் சமைப்பதில் மார்க்க அறிஞர்களுக்குள்ள மறுப்பை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் அவரை வெறும் பொம்மை செய்தவர் என்று ஒதுக்குவோர் அவருடைய நீரிறைக்கும் இயந்திரத்தைப் பார்த்ததில்லை போலும். ஆற்றின் ஓட்டமே சக்கரத்தைச் சுழற்ற, இரு உருளைகளில் தண்டுகள் மாறி மாறி இயங்கி நீரை மேலேற்றின. கமலையில் மாடுகளோடு மாடாய் உழைத்த நம் பாட்டன்மார் அதைக் கண்டிருந்தால் வியந்திருப்பர்.

முன்னோர் கருவிகளை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டவரல்லர். பக்தாதின் பனூ மூஸா சகோதரர்களைப் போற்றிக்கொண்டே அவர்களின் நீரூற்றிலிருந்த குறையையும் காட்டினார். தம் கையால் செய்து சோதியாத எதையும் அவர் உறுதியென ஏற்கவில்லை.

இத்தொழிலறிவு அழிந்துவிடலாகாது என்று மன்னர் கட்டளையிட, 50 கருவிகளின் அமைப்பைப் படங்களுடன் நூலாக்கினார். ஹிஜ்ரி 602, அதாவது கி.பி. 1206-ல் அந்நூல் நிறைவுற்றது. அவரது மறைவும் அவ்வாண்டே என்பர். அதே ஆண்டில் எழுதப்பட்ட பிரதியொன்று இஸ்தான்பூலின் தோப்காப்பி அரண்மனை நூலகத்தில் இருக்கிறது.