சர் நார்மன் கிரெக்: கருக்காலத் தொற்றைக் கண்டறிந்த கண் மருத்துவர்

கருவுற்ற தொடக்க வாரங்களில் தாய்க்கு ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை ஏற்பட்டால், குழந்தையின் கண், செவி, இதயம் ஆகியவை பாதிக்கப்படக்கூடும் என்பதை இன்று மருத்துவர் அனைவரும் அறிவர். 1941ஆம் ஆண்டுக்கு முன்னர் மருத்துவ உலகம் இதனை அறிந்திருக்கவில்லை. பிறவிக் குறைபாடுகள் பெரும்பாலும் பரம்பரையால் வருவன என்றே கருதப்பட்டது. தாயின் உடலில் உள்ள தீங்குகள் கருவை எட்டாதவாறு நஞ்சுக்கொடி காத்துவிடும் என்ற நம்பிக்கையும் வலுவாக இருந்தது. இந்த எண்ணத்தை மாற்றியவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் மக்காலிஸ்டர் கிரெக்.

அவர் 1892ஆம் ஆண்டு சிட்னி நகரின் பர்வுட் பகுதியில் பிறந்தார். சிட்னி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1915இல் பட்டம் பெற்றார். கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் தேர்ந்தவராக விளங்கினார். முதல் உலகப் போரின்போது பிரித்தானியப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்து பிரான்சில் பணியாற்றி, வீரத்திற்கான இராணுவச் சிலுவை விருதைப் பெற்றார். போருக்குப் பின் இங்கிலாந்தில் கண் மருத்துவம் பயின்று, 1923இல் சிட்னி திரும்பி மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். ராயல் பிரின்ஸ் ஆல்பிரட் மருத்துவமனையிலும் அந்நகரக் குழந்தைகள் மருத்துவமனையிலும் கண் அறுவை மருத்துவராக இருந்தார்.

1941இன் தொடக்கத்தில் அவருடைய மருத்துவ அறைக்குக் கண்புரையுடன் பிறந்த கைக்குழந்தைகள் வழக்கத்திற்கு மாறாக அடுத்தடுத்துக் கொண்டுவரப்பட்டன. கண்வில்லையின் நடுப்பகுதி அடர்ந்த வெண்மையாக இருந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இரு கண்களிலும் புரை இருந்தது. அக்குழந்தைகள் எடை குறைந்தும், பால் அருந்துவதில் சிரமப்பட்டும் காணப்பட்டன. பலருக்கு இதயக் குறைபாடும் இருந்தது. பரம்பரை நோயெனில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இத்தனை குடும்பங்களில் ஒரே காலத்தில் அது தோன்றுவதேன்? இக்கேள்வி அவரை விடவில்லை.

அவர் குழந்தைகளின் பிறந்த தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார். கருவின் தொடக்க மாதங்கள் 1940ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பரவிய ரூபெல்லாக் கொள்ளைநோயின் உச்சக் காலத்துடன் பொருந்தின. அது போர்க்காலம், இளைஞர்கள் படைமுகாம்களில் நெருங்கி வாழ்ந்தமையால் தொற்று விரைந்து பரவியிருந்தது. காத்திருப்பு அறையில் இரு தாய்மார் தங்களுக்கு வந்த அம்மையைப் பற்றிப் பேசிக்கொண்டதைக் கேட்டே அவருக்கு இவ்வெண்ணம் பிறந்தது என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது. அது எவ்வாறாயினும், அவர் ஒவ்வொரு தாயிடமும் கருக்கால வரலாற்றைக் கேட்டறிந்தார் என்பது உறுதி. மூன்று நாள்களில் மறைந்துபோன மெல்லிய தடிப்பையும், காதின் பின்புறம் தோன்றிய நெறிக்கட்டியையும் அப்பெண்கள் நினைவுகூர்ந்தனர். அவர்களுள் சிலர், தொற்று வந்தபோது தாம் கருவுற்றிருப்பதையே உணர்ந்திருக்கவில்லை.

பிற கண் மருத்துவர்களுக்கும் எழுதி அவர்கள் கண்ட குழந்தைகளின் விவரங்களைப் பெற்றார். 1941 அக்டோபர் 15 அன்று மெல்போர்ன் நகரில் தம் ஆய்வை வாசித்தார். மொத்தம் 78 குழந்தைகள். அவர்களுள் 68 பேரின் தாய்மார்க்குக் கருக்காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது. எஞ்சிய 10 பேரைக் கொண்டு அவருடைய முடிவை ஐயுறுதல் எளிது. ஆயினும் ரூபெல்லா தொற்றிய பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றாமலே போகலாம் என்பது இன்று தெளிவாகியுள்ளது.

அக்காலத்தில் அனைவரும் இதனை ஏற்கவில்லை. 1944இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்று, சான்று போதாது என்ற கருத்தை வெளியிட்டது. அந்த ஐயத்தை முற்றிலும் குறைகூற இயலாது: தாய்மாரின் நினைவைத் தவிர அன்று வேறு சான்று இல்லை, வைரஸைப் பிரித்தெடுக்கும் முறையும் இல்லை. எனினும் தெற்கு ஆஸ்திரேலியாவில் சார்ல்ஸ் ஸ்வானும் அவருடைய குழுவினரும் 1943இலேயே அவருடைய முடிவை உறுதிசெய்து, செவிட்டுத்தன்மையையும் சிறுத்த தலையையும் பாதிப்புகளின் பட்டியலில் சேர்த்தனர். 1951இல் ஆலிவர் லங்காஸ்டர் என்னும் புள்ளியியலாளர் பழைய மக்கள்தொகைக் கணக்குகளை ஆராய்ந்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரூபெல்லா பரவிய ஆண்டுகளை ஒட்டிப் பிறந்தோரிடையே செவித்திறனற்றோர் மிகுந்திருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். எண்ணற்ற குடும்பங்கள் பரம்பரையின் மீதோ தாயின் மீதோ பழி சுமத்திய குறைபாட்டிற்கு, அரை நூற்றாண்டு கழித்துக் காரணம் புலப்பட்டது.

உயிரணுக்களில் நிகழ்வது என்ன என்பதை இங்கு விளக்குதல் வேண்டும். தாயின் குருதியில் கலந்த ரூபெல்லா வைரஸ் நஞ்சுக்கொடியைத் தொற்றி, அதன் வழியே கருவை அடைகிறது. அது உயிரணுக்கள் பிரிந்து பெருகும் வேகத்தைத் தடுக்கிறது. சிறு குருதிக்குழாய்களின் உட்சுவரையும் சிதைக்கிறது. வயது வந்தவரின் உறுப்பில் சில உயிரணுக்கள் அழிந்தால் அவற்றை ஈடுசெய்ய இயலும். உறுப்பு உருவாகிக்கொண்டிருக்கும் வாரங்களில் போதிய உயிரணுக்கள் தோன்றவில்லையெனில், அவ்வுறுப்பு குறையுடனேயே அமைந்துவிடுகிறது. முதல் மூன்று மாதங்களில்தான் கண்வில்லை, இதய அறைகள், உட்செவி ஆகியவற்றின் அடிப்படை அமைகிறது. ஆதலால் முதல் 12 வாரங்களில் தாய்க்குத் தொற்று ஏற்பட்டால் பாதிப்பின் வாய்ப்பு 90 விழுக்காடு வரை இருக்கலாம். அடுத்த வாரங்களில் அது குறைகிறது. அப்போது செவித்திறன் குறைபாடே முதன்மையாகக் காணப்படுகிறது. 20 வாரங்களுக்குப் பின் பாதிப்பு அரிது. ஒரே நோய் ஒரு குழந்தையின் கண்ணையும் மற்றொரு குழந்தையின் செவியையும் தாக்குவதற்குக் காலவேறுபாடே பெரிதும் காரணமாகும்.

கிரெக் 1953இல் சர் பட்டம் பெற்றார். 1962இல் அமெரிக்காவில் இரு ஆய்வுக் குழுக்கள் வைரஸைப் பிரித்தெடுத்தன. அதன்பின் 1964–65இல் அந்நாட்டில் பரவிய கொள்ளைநோயால் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பிறவி ரூபெல்லாப் பாதிப்புடன் பிறந்தனர். கிரெக் 1966 ஜூலையில் மறைந்தார். தடுப்பூசிக்கு அமெரிக்காவில் உரிமம் வழங்கப்பட்டது 1969இல். அதனைக் காண அவர் இல்லை.

இந்தியாவில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட சில பகுதிகளில் முதலில் தொடங்கப்பட்டது. இப்போது குழந்தைக்கு 9 மாதம் நிறைந்தவுடன் ஒரு தவணையும், 16 முதல் 24 மாதத்திற்குள் மற்றொரு தவணையும் வழங்கப்படுகின்றன. தடுப்பூசி பெற்றிராத மகளிர் கருத்தரிக்கும் முன்னரே மருத்துவரை அணுக வேண்டும். எதிர்ப்பாற்றல் உள்ளதா என்பதைக் குருதிப் பரிசோதனையால் அறியலாம். இது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட வைரஸால் ஆனது என்பதால் கருவுற்ற காலத்தில் செலுத்தப்படுவதில்லை. செலுத்திய பின் ஒரு மாதம் வரை கருத்தரிப்பைத் தவிர்த்தல் வேண்டும். கருவுற்றிருக்கும்போது தடிப்பும் காய்ச்சலும் கண்டாலோ, அத்தகைய நோயாளியுடன் பழக நேர்ந்தாலோ, தடிப்பு மறைந்துவிட்டது என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பிறவி ரூபெல்லாப் பாதிப்புடைய குழந்தையைப் பேணுவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. அக்குழந்தையின் தொண்டைச் சுரப்பிலும் சிறுநீரிலும் ஓராண்டு வரை வைரஸ் வெளிப்படக்கூடும். ஆகவே எதிர்ப்பாற்றல் உறுதிசெய்யப்படாத கருவுற்ற உறவினர்கள் அக்குழந்தையைத் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும். கண்புரை அறுவை மருத்துவத்தைத் தாமதிக்கலாகாது. ஒளி புகாத கண்ணிலிருந்து பார்க்கும் திறனை மூளை கற்றுக்கொள்வதில்லை. கிரெக்கின் முதல் ஆய்வில் செவிட்டுத்தன்மை இடம்பெறவில்லை. அவர் கண்டவை கைக்குழந்தைகள், கேளாமை வெளிப்படும் பருவத்தை அவை எட்டியிருக்கவில்லை. கண்ணும் இதயமும் நலமாக இருப்பினும், பிறந்தவுடன் செய்த சோதனையில் குறையேதும் தெரியாவிடினும், இக்குழந்தைகளுக்குச் செவித்திறன் பரிசோதனையை மருத்துவர் கூறும் இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் செய்துகொள்ள வேண்டும்.