சவேரியாரின் காலிக் கல்லறையும் உயிர்த்தெழுதல் நம்பிக்கையும்

மலாக்கா பட்டணத்துக் குன்றின் மேல், கூரை இல்லாமல் நிற்கும் செயின்ட் பால் தேவாலயத்துக்குள் கம்பி வலை போட்டு மூடிய ஒரு குழி இருக்கிறது. பெம்பான், ஜாசின் வட்டாரத்துத் தோட்டங்களில் இருந்து பள்ளிச் சுற்றுலா போனவர்கள் பலர் அதை எட்டிப் பார்த்திருப்பார்கள். சிலர் காசு போட்டுவிட்டு வருவார்கள். அந்தக் குழியில் 1553-ஆம் ஆண்டில் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தவர் புனித பிரான்சிஸ் சவேரியார். நம் தோட்டங்களில் சவரிமுத்து, சவரியம்மாள் என்று பெயர் வைத்தார்களே, அந்தப் பெயர் இவரிடம் இருந்து வந்ததுதான்.

இவரைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் முதலில் சொல்வது, இவருடைய உடல் அழியவில்லை என்பதைத்தான். ஆனால் இவர் தமிழ் மக்களுக்குத் தமிழிலேயே கற்பித்த நம்பிக்கை வேறு. இறந்த விசுவாசிகள் ஒரு நாள் உயிர்த்தெழுவார்கள் என்பது அந்த நம்பிக்கை. உடல் அழியாமல் இருப்பதும் உயிர்த்தெழுவதும் ஒன்றல்ல. இவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அந்த வேறுபாடு நன்றாக விளங்கும்.

சவேரியார் 1506 ஏப்ரல் 7-ஆம் தேதி, இன்றைய ஸ்பெயினின் வடக்கே உள்ள நவார்ரா நாட்டில், சவியேர் கோட்டையில் பிறந்தார். தந்தை அந்நாட்டு அரசவையில் உயர்ந்த பதவியில் இருந்தவர். பிள்ளைக்கு ஒன்பது வயது ஆகும்போது தந்தை காலமானார். அடுத்த ஆண்டே, போரில் தோற்ற தரப்பைச் சேர்ந்த குடும்பம் என்பதால், கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டன. 1525-இல் படிப்புக்காகப் பாரிஸ் போனார். பேராசிரியராகிப் பெயர் எடுக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அங்கே ஒரே அறையில் தங்கிய இக்னேஷியஸ் லொயோலா அந்த ஆசையை மெல்ல மாற்றினார். 1534 ஆகஸ்டு 15-ஆம் தேதி, இவர்கள் ஏழு பேர் மோன்மார்த்ர் குன்றில் ஏழ்மைக்கும் கற்புக்கும் வாக்குக் கொடுத்தார்கள். இயேசு சபையின் தொடக்கம் அதுதான்.

போர்த்துகல் மன்னரின் வேண்டுகோளுக்கு இணங்கி, 1541-இல் தம் 35-ஆவது பிறந்த நாளன்று லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். 13 மாதங்கள் கழித்து, 1542 மே 6-ஆம் தேதி கோவா வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு இறுதியில் முத்துக்குளித்துறைக்குப் புறப்பட்டார். தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் என்று கன்னியாகுமரி வரை நீளும் கடற்கரை அது. அங்கு வாழ்ந்த பரதவர் சுமார் 20,000 பேர் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். கடலில் தங்கள் தொழிலுக்குப் போர்த்துகீசியரின் பாதுகாப்பு கிடைக்கும் என்பது அதற்கு முக்கியக் காரணம். ஆனால் அவர்களுக்கு வேதம் சொல்லித்தர, தமிழ் தெரிந்த குருமார் யாரும் இல்லை. பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்தார்களே தவிர, எதை நம்புகிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது.

சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. தமிழும் கொஞ்சம் போர்த்துகீசும் தெரிந்தவர்களை அருகில் உட்கார வைத்து, நான்கு மாதம் பாடுபட்டுச் செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழில் ஆக்கினார். அதை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். மணிச்சத்தம் கேட்டுக் கூடிய பிள்ளைகளுக்கு ஒரு நாளில் இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்தது. நம்புகிறேன் என்று வர வேண்டிய இடத்தில், வேண்டும் என்ற பொருள் தரும் பேச்சுவழக்குச் சொல் போடப்பட்டிருந்தது. அது தெரிய வந்ததும், 1544-இல் தம் உடன் ஊழியர் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். ஆசைப்படுவதும் விசுவசிப்பதும் வேறு வேறு என்பதை அந்தப் பாமர மக்களும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் நினைத்தார்.

அந்த விசுவாசப் பிரமாணத்தின் கடைசிப் பகுதியில் வருவதுதான் உடலின் உயிர்ப்பு. இது மறுபிறவி அல்ல. உயிர் ஓர் உடலை விட்டு வேறோர் உடலில் பிறப்பதாக வேதாகமம் சொல்வதில்லை. வாழ்ந்து இறந்த அதே மனிதரை, அவருக்குரிய பெயரோடும் அடையாளத்தோடும் கடவுள் எழுப்புவார் என்றுதான் சொல்கிறது. பழைய ஏற்பாட்டில் தானியேல் நூலின் 12-ஆம் அதிகாரத்தில் இந்த நம்பிக்கை தெளிவாக வருகிறது. யோவான் நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில், கல்லறையில் இருப்போர் அனைவரும் தம் குரலைக் கேட்டு வெளியே வரும் நேரம் உண்டு என்று இயேசு கற்பிக்கிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் மடலில், கிறிஸ்துவை நம்பி இறந்தவர்கள் முதலில் எழுவார்கள் என்று சொல்லி, உறவினரை இழந்து கலங்கியவர்களைப் பவுல் தேற்றுகிறார்.

எப்படிப்பட்ட உடலோடு எழுவார்கள்? கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 15-ஆம் அதிகாரத்தில் பவுல் விதையை உவமையாகக் காட்டுகிறார். மண்ணில் போட்ட விதை அதே விதையாகத் திரும்பி வருவதில்லை, பயிராக வருகிறது. ஆனாலும் அந்த விதையில் இருந்துதான் அந்தப் பயிர். அதுபோல அழியக்கூடியதாக மண்ணுக்குள் போகும் உடல், அழிவில்லாததாக எழும் என்பது அவருடைய போதனை. ரப்பர் விதை போட்டுப் பால்மரம் வளர்த்த நம் மக்களுக்கு இந்த உவமையை விளக்கத் தேவையில்லை.

அந்தக் கடற்கரை மக்களுக்கு இது ஏட்டுப் பாடமாக மட்டும் இருந்திருக்காது. முத்துக் குளிக்க மூழ்கியவர் எல்லாரும் மேலே வருவதில்லை. கடலோடு போனவனுக்குக் கல்லறை ஏது? கடல் தன்னிடம் உள்ள இறந்தோரை ஒப்படைக்கும் என்று திருவெளிப்பாடு நூலின் 20-ஆம் அதிகாரம் சொல்கிறது. உயிர்த்தெழுதலுக்குக் கல்லறையும் எலும்பும் வேண்டும் என்று வேதாகமம் எங்கும் நிபந்தனை போடவில்லை.

1544-இல் வடுகர் படை கன்னியாகுமரிப் பகுதியைத் தாக்கியது. மக்கள் பாறைகளில் ஒளிந்து பட்டினி கிடந்தார்கள். சவேரியார் 20 தோணிகளோடு அவர்களுக்கு உதவப் புறப்பட்டார். அதே ஆண்டில் இலங்கையின் மன்னாரில், புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய சுமார் 600 தமிழர்கள் யாழ்ப்பாண அரசர் சங்கிலியின் ஆணைப்படி கொல்லப்பட்டார்கள். சவேரியார் அனுப்பிய உடன் ஊழியரிடம் திருமுழுக்குப் பெற்றவர்கள் அவர்கள். அந்த மக்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. கடவுளுக்கு அவர்கள் பெயர் தெரியும் என்பதே உயிர்த்தெழுதல் நம்பிக்கையின் அடிப்படை.

1545-இல் மயிலாப்பூரில் புனித தோமாவின் கல்லறை அருகே சில மாதங்கள் தங்கிச் செபித்த பின், அங்கிருந்து நேராக மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். செப்டம்பர் இறுதியில் இங்கு இறங்கினார். அன்றைய மலாக்கா, குஜராத்தியரும் தமிழரும் சீனரும் ஜாவாக்காரரும் கூடும் துறைமுகம். இங்கேயும் முதல் வேலையாகச் செபங்களை மலாய் மொழியில் ஆக்கினார். 1545-க்கும் 1552-க்கும் இடையே ஐந்து முறை மலாக்கா வந்திருக்கிறார். அம்போன், தெர்னாத்தே தீவுகளுக்கும் ஜப்பானுக்கும் இங்கிருந்தே போனார். ஜப்பானியர் அஞ்சிரோவைச் சந்தித்ததும் 1547-இல் இங்கேதான். அந்தச் சந்திப்பே அவரை 1549-இல் ஜப்பானுக்கு அழைத்துச் சென்றது.

அவருடைய வாழ்க்கையில் இன்றைய வாசகர் ஏற்கத் தயங்கும் பக்கமும் உண்டு. பிற சமய வழிபாட்டை அவர் மதிக்கவில்லை. கோவாவில் சமய விசாரணை மன்றம் அமைக்கும்படி 1546-இல் மன்னருக்கு எழுதினார். ஜப்பானில் மனம் மாறியவர்கள், நற்செய்தி கேட்காமலே இறந்துபோன தங்கள் தாய் தந்தையரின் கதி என்ன என்று அழுதபோது, அவர்களுக்கு மீட்பில்லை என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. அந்த அழுகை தம்மையும் வருத்தியதாக எழுதியிருக்கிறார். இன்றைய கத்தோலிக்கத் திருச்சபை அப்படிப் போதிப்பதில்லை. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், மனச்சாட்சிப்படி நேர்மையாக வாழ்ந்தவர்களும் மீட்புப் பெறலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் அறிவித்தது. அண்ணன் கிறிஸ்தவர், தம்பி இந்து என்று ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

1552-இல் சீனாவுக்குப் போகும் திட்டத்தோடு கடைசியாக மலாக்கா வந்தார். தூதராகப் போக இருந்த நண்பர் தியோகோ பெரேராவை, மலாக்கா கேப்டன் அல்வாரோ த அத்தாயிதே தடுத்துவிட்டார். இவர் வாஸ்கோ ட காமாவின் மகன். தூதுக்குழு இல்லாமலே சவேரியார் புறப்பட்டார். சீனக் கரைக்கு எதிரே உள்ள சாங்சுவான் தீவில், உள்ளே அழைத்துப்போக வாக்களித்த படகுக்காரருக்காகக் காத்திருந்தார். படகு வரவில்லை. காய்ச்சல் கண்டு, 1552 டிசம்பர் 3-ஆம் தேதி, 46 வயதில் ஓலைக் குடிசையில் இறந்தார். கடைசி நேரத்தில் உடன் இருந்தவர் அந்தோனியோ என்ற சீன உதவியாளர்.

எலும்புகளை எளிதில் எடுத்துச் செல்லலாம் என்று உடலைச் சுண்ணாம்பில் புதைத்தார்கள். 1553 பிப்ரவரியில் தோண்டியபோது உடல் கெடாமல் இருந்தது. மார்ச் 22-ஆம் தேதி மலாக்கா கொண்டுவந்து, குன்றின் மேல் இருந்த மாதா கோவிலில் பெட்டி இல்லாமல் மண்ணில் அடக்கம் செய்தார்கள். ஆகஸ்டில் மீண்டும் எடுத்தபோதும் உடல் கெட்டிருக்கவில்லை. டிசம்பரில் கப்பலேறி, 1554 மார்ச்சில் கோவா போய்ச் சேர்ந்தது. அன்று முதல் குன்றின் மேல் இருப்பது வெறும் குழிதான். 1641-இல் மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள்தான் அந்தக் கோவிலுக்குச் செயின்ட் பால் என்று பெயர் மாற்றினார்கள்.

1614-இல் சவேரியாரின் வலது முன்கை ரோமுக்கு அனுப்பப்பட்டது. 1622 மார்ச் 12-ஆம் தேதி புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. குன்றில் 1952-இல் நிறுவப்பட்ட அவருடைய சிலைக்கும் வலது கை இல்லை. மரம் விழுந்து உடைந்ததாகச் சொல்வார்கள்.

கோவாவில் உள்ள உடலை மக்கள் இன்றும் வரிசையில் நின்று வணங்குகிறார்கள். ஆனால் அந்த உடலும் நூற்றாண்டுகளில் வற்றிச் சுருங்கிவிட்டது. திருச்சபை அதை ஓர் அடையாளமாக மதிக்கிறதே ஒழிய, அதை உயிர்த்தெழுதல் என்று சொல்வதில்லை. யோவான் நற்செய்தியில் நான்கு நாள் கல்லறையில் இருந்த லாசர்கூட எழுந்து வந்து, பிறகு வயதாகி மற்றவர்களைப் போல மரணத்தைச் சந்திக்க வேண்டியவர்தான். இனிச் சாவே இல்லை என்னும் எழுச்சிதான் விசுவாசிகளுக்கு வாக்களிக்கப்பட்டது. அதற்காகக் கோவாவில் வெள்ளிப் பேழைக்குள் இருக்கும் சவேரியாரும், மன்னாரில் பெயர் தெரியாமல் விழுந்தவர்களும் ஒன்றாகவே காத்திருக்கிறார்கள்.

நம் வட்டாரத்திலும் இது வெறும் பழங்கதை அல்ல. ரப்பர் தோட்டங்கள் கைமாறிச் செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது, தாத்தா பாட்டி புதைத்த இடம் எது என்று தெரியாமல் போன குடும்பங்கள் உண்டு. நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற ஓர் இடம் இல்லையே என்று வருந்துவோர் உண்டு. இடப்பற்றாக்குறையால் எரிக்கலாமா, எரித்தால் உயிர்த்தெழ முடியுமா என்று கேட்போரும் உண்டு. உடல் உயிர்ப்பை மறுக்கும் நோக்கம் இல்லாவிட்டால் எரிக்கலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் அனுமதி தந்தது. மண்ணில் இருந்து மனிதரைப் படைத்தவருக்குச் சாம்பலும் மண்ணும் ஒன்றுதான் என்பதே அதன் பொருள்.

கல்லறையைப் பேணுவது நல்ல வழக்கம், அது அன்பின் கடமை. இருக்கும் தோட்டத்து இடுகாடுகளைத் துப்புரவு செய்து, பெயர்களை எழுதிவைப்பது பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் வரலாறு. ஆனால் கல்லறை தொலைந்ததால் அதில் கிடந்தவர் தொலைந்துவிட்டார் என்று கிறிஸ்தவர் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. மணியை ஆட்டிக்கொண்டு முத்துக்குளித்துறையில் நடந்த சவேரியார் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான்.