கசடில் பிறந்தது சாயம்!
18 வயது வாலிபர் பெர்க்கின் செய்த அதிசயம்

கடலூரும் சிதம்பரமும் அடங்கிய பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு காலத்தில் அவுரிச் செடி பயிராயிற்று. அதன் இலையில் இருந்து நீலச் சாயம் எடுத்தார்கள். அந்தத் தொழில் நலிந்தது. அதற்கு வழி திறந்தது, லண்டன் வாலிபர் ஒருவரின் கண்டுபிடிப்பு.

அவர்தான் வில்லியம் ஹென்றி பெர்க்கின்.

பெர்க்கின் 1838-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி பிறந்தார். தகப்பனார் தச்சுத் தொழில் செய்தவர். 15 வயதில் பெர்க்கின் ரசாயனக் கல்லூரியில் சேர்ந்தார்.

அப்பொழுது மலேரியா காய்ச்சலுக்கு மருந்து கொயினா. அது மரப்பட்டையில் இருந்து கிடைத்தது. அதைச் செயற்கையாகச் செய்யவேண்டும் என்பது ஆசிரியர் ஹாப்மனின் விருப்பம்.

1856-ம் ஆண்டு, ஈஸ்டர் விடுமுறை. பெர்க்கின் வீட்டிலேயே சோதனை செய்தார். நிலக்கரித் தாரில் இருந்து கிடைத்த பொருளை எடுத்துக்கொண்டார். கொயினா வரவில்லை. கறுப்புக் கசடுதான் வந்தது!

அதை அவர் கொட்டிவிடவில்லை. ஸ்பிரிட்டில் கரைத்தார். என்ன ஆச்சரியம்! அழகிய ஊதா நிறம்! பட்டுத் துணியில் ஏற்றினார். சோப்புப் போட்டாலும் போகவில்லை. வெயிலிலும் வெளுக்கவில்லை.

பெர்க்கின் படிப்பை விட்டார். ஆசிரியர் தடுத்தும் கேட்கவில்லை. தகப்பனார் தம் சேமிப்பைக் கொடுத்தார். அண்ணன் தாமஸ் துணை நின்றார். 1857-ல் கிரீன்போர்டு என்ற ஊரில், கால்வாய்க் கரையில் தொழிற்சாலை எழுந்தது. அன்றன்று தயாராகும் சாயத்தின் நிறம் கால்வாய் நீரில் தெரியும் என்று சொல்வார்கள்.

பெர்க்கின் 36 வயதில் தொழிற்சாலையை விற்றுவிட்டு ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 1906-ல் 'சர்' பட்டம் பெற்றார். 1907-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி காலமானார்.

அவரைப் பின்பற்றிப் பலர் புதுப்புதுச் சாயங்கள் செய்தார்கள். 1897-ல் ஜெர்மனியில் இருந்து செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. அவுரிக்கு மவுசு போயிற்று.

கலையாமல் இருப்பதே சாயத்துக்குப் பெருமை. ஆனால் ஆற்றில் கலந்தால் அதுவே தீங்கு. சாயநீர் வெளிச்சத்தை மறைக்கும். பாசி வாடும். மீன் குறையும். ரசாயனத் தொழிற்சாலைகள் நிறைந்த கடலூர் சிப்காட் அருகே, உப்பனாற்றை நம்பிய மீனவர்களுக்கு ஆற்று நீரைப் பற்றி நீண்டகாலக் கவலை.

இதற்கு ஒரு வழி உண்டு. இரும்பு போன்ற உலோகத்தின் நுண்துகளைக் களிமண் தாதுவில் பதிக்கிறார்கள். அதைச் சாயநீரில் போட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுகிறார்கள். உலோகம் அந்தத் திரவத்தைத் தூண்டிவிடுகிறது. அது சாயத்தைத் துண்டு துண்டாக உடைக்கிறது. உலோகம் நீரோடு போய்விடாமல் களிமண் பிடித்துக்கொள்கிறது. ஆகவே வடிகட்டி எடுத்து, மீண்டும் பயன்படுத்தலாம்.

ஒளியின் உதவியால் சாயத்தை உடைக்கும் ஆராய்ச்சி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் நடந்திருக்கிறது.

சாயம் துணியில் நிலைக்கப் பெர்க்கின் பாடுபட்டார். அது தண்ணீரில் நிலைக்காதிருக்க இன்றைய விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள்.